மஞ்சள் துணியில் ஒரு ரேசர்

என் வயிறு ஊருக்குத் தெரிவதற்கு முன்பே என் வீட்டுக்காரரின் தாடி தெரிந்துவிட்டது.

யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். போன வருஷம் ஆடியில், நாலாம் மாதத்தில், ஒன்று தங்காமல் போனது. அதை முன்னாலேயே ஊரெல்லாம் சொல்லி, பிறகு ஊரெல்லாம் வந்து துக்கம் விசாரித்து, நான் பட்டது போதும். இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவரும் சரி என்றார். சரி என்று தலையாட்டிய மனுஷன் மறுநாளிலிருந்து சவரம் செய்வதை நிறுத்திவிட்டார்.

வேறு யாராவது நிறுத்தியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிறுத்தியது நவநீதன். அவர் மெடிக்கல் ரெப். டை கட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, திருச்சி டாக்டர்களில் பாதிப் பேர் வாசலில் தினமும் நிற்பவர். காய்ச்சலில் படுத்தாலும் முகத்தை மழிக்காமல் காபி குடிக்க மாட்டார். அவர் கன்னத்தில் முடி தெரிந்தால் அது செய்திதான்.

மனைவி மாசமாக இருந்தால் புருஷன் பிள்ளை பிறக்கும்வரை முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. எனவே எங்கள் ஸ்ரீரங்கத்தில் வழவழவென்று இருந்த முகம் திடீரென்று தாடி வைத்தால் ஜனங்கள் முதலில் கழுத்தைப் பார்ப்பார்கள், மலைக்கு மாலை போட்டிருக்கிறானா என்று. வைகாசியில் எவன் மாலை போடுவான்? உடனே என் வயிற்றைப் பார்ப்பார்கள். பால்காரர் பார்த்தார். பூக்காரம்மா பார்த்தார். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு எழுந்து இடம் கொடுக்கச் சொல்லி ஒரு காலேஜ் பெண்ணை அதட்டினார். எனக்கு வந்த எரிச்சலை அந்தப் பஸ்ஸிலேயே இறக்கி வைத்திருப்பேன், உட்கார இடம் கிடைத்துவிட்டதால் பேசாமல் வந்தேன்.

அவருடைய சவரப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. என் வீட்டுக்காரர் பழைய ரேசர்கள் சேர்ப்பவர். இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடுகிற, கனமான, பித்தளை உடம்பில் நிக்கல் பூசிய ரேசர்கள். மூன்று துண்டாகக் கழல்கிறது, அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிறது, எண்ணைத் திருப்பி வைத்தால் பிளேடு கூடக் குறையத் தெரிகிறது என்று வகை வகையாக இருக்கும். காந்தி மார்க்கெட் பக்கம் ரஃபீக் பாய் வைத்திருக்கும் பழைய பித்தளைக் கடைதான் அவருக்குக் கோயில். உடைந்த குத்துவிளக்கு, ஓட்டைச் சொம்பு மூட்டைகளில் ரேசர் ஏதாவது வந்து விழுந்தால் பாய் போன் போடுவார். இவர் டாக்டரைக் காத்திருக்க வைத்துவிட்டுப் போவார்.

வாங்கி வந்ததைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, பச்சை வெல்வெட் தைத்த ஒரு டிராயரில் படுக்கவைப்பார். ஈரக்கையோடு அந்த டிராயரைத் திறந்தால் வீட்டில் பூகம்பம். அதே சமயம், இவர் சும்மா பார்த்து ரசிக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் முறை வைத்துப் பயன்படுத்துவார். வெந்நீர், பிரஷ், கிண்ணத்தில் அடித்த நுரை, கடைசியில் படிகாரக் கட்டி. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் உபதேசம் ஆரம்பமாகும். அழுத்தக் கூடாது, ரேசருக்கு எடை இருக்கிறது, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், உன் கை வழிகாட்டினால் போதும் என்பார். கேட்டவர் தப்பித்துப் போக அரை மணி நேரம் ஆகும்.

நான் கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கு அவர் கிடைத்ததே ஒரு ரேசரால்தான். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத், அதாவது கடைசல் மெஷின், ஓட்டுகிறேன். அதற்கு முன்னால், உறையூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, டை கட்டிய ஒருத்தர் உள்ளே வந்தார். கையில் ஒரு ரேசரின் தலை மட்டும் இருந்தது. கைப்பிடி தொலைந்துவிட்டதாம், அதே மாதிரி கடைந்து கொடுக்க முடியுமா என்றார். பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். கடையில் பத்து ரூபாய்க்கு ரேசர் விற்கிறதே என்றார் அப்பா. நான் வாங்கிப் பார்த்தேன். திருகு மரை பழைய இங்கிலீஷ் கணக்கு. நம் ஊர் மரை எதுவும் அதில் ஏறாது. ஏறாது என்று தெரிந்ததும் எனக்கு அதைச் செய்தே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. பித்தளைக் கம்பியை லேத்தில் மாட்டி, மரையை அதிலேயே வெட்டி, பிடி வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு ஏற்றி, நிக்கல் பூசி வாங்கிக் கொடுத்தேன். தலை போய் உட்கார்ந்தபோது ஒரு மயிரிழை ஆட்டம் கிடையாது. மனுஷன் அதைத் திருகுவதும் கழற்றுவதுமாக நின்றார். பிறகு அடுத்த வாரம் காரணமே இல்லாமல் வந்தார். நானும் அதே வேலையாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ரேசருக்குத்தான் டிராயரில் முதல் இடம்.

சரி, தாடிக்கு வருவோம். இது என் மாமியார் வேலை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஆனந்தவள்ளி என்பது அவர் பெயர். கெட்டவர் இல்லை. ஆனால் சகுனம், தோஷம், ஆகாது, கூடாது எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். போன தடவை மகனிடம் சவரம் செய்யாதே என்று அவர் சொல்லி, இவர் சிரித்துக்கொண்டே நுரை அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை அழுது அடம்பிடித்து மகனை வழிக்குக் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன்.

கோபம் எனக்குத் தாடி மேல் இல்லை. அந்தத் தாடிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது வளர்க்கிறார் என்றால், போன தடவை மழித்ததால்தான் அது போனது என்று ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, கரு உருவானபோதே குறை, யார் செய்ததாலும் இல்லை, யாராலும் தடுத்திருக்கவும் முடியாது என்று தெளிவாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்ற தாடி அந்த வார்த்தை பொய் என்று சொன்னது.

இரண்டு தடவை கேட்டேன். சும்மாதான், ஒரு மாறுதலுக்கு என்றார். அவர் மானேஜர்கூட முதலில் முறைத்தார், பிறகு தானும் ஒரு காலத்தில் மனைவிக்காக வளர்த்தவர் என்பதால் விட்டுவிட்டார். டிராயர் திறக்கவே இல்லை. ரஃபீக் பாய் போன் செய்தால் அப்புறம் வருகிறேன் என்று வைத்துவிட்டார். நான் மட்டும் வழக்கம்போல் பொன்மலைக்குப் போய் வந்தேன். கனம் தூக்க வேண்டாம் என்று மட்டும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். போர்மேன் ஒரு ஸ்டூலும் தூக்கிக் கொடுக்க ஓர் ஆளும் கொடுத்தார். வேலையை விடு என்று இந்தத் தடவை வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் நல்லது நடக்கும்போது யார் போய்க் காரணம் கேட்பார்கள்?

ஐப்பசியில் ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று முடிவானது. சனிக்கிழமை காலை பூஜை அலமாரியைத் துடைக்கப் போனேன். பெருமாள் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கையில் தட்டுப்பட்டது. நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைப்பது எங்கள் வீட்டில் புதிதில்லை. ஆனால் காசு இவ்வளவு கனக்காது, இவ்வளவு நீளமும் இருக்காது. அவிழ்த்தேன்.

உள்ளே என் ரேசர் இருந்தது. நான் கடைந்த கைப்பிடி. துணியை மஞ்சளில் நனைத்து ஈரத்தோடு கட்டியிருந்ததால் நிக்கல் தேய்ந்திருந்த இடமெல்லாம் பச்சை பிடித்துப் போயிருந்தது.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அடுப்படிக்குப் போய், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் முன்னால் அதை வைத்தேன். அவருக்காக அவர் மகன் எதை எதை எல்லாம் மூட்டை கட்டுவார் என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் சூடாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் ரேசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலம்மா இந்தத் தடவை. அவனேதான். உனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஆஸ்பத்திரில உன்ன உள்ள வச்சிருந்தாங்க. வெளிய அக்கா ஆரம்பிச்சா, பொம்பளப் புள்ள நாள் பூரா மெஷின்கிட்ட நின்னா எப்படித் தங்கும்னு. நானும் ஆமான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள இவன் எழுந்து நின்னுட்டான். அவ மெஷின ஒண்ணும் சொல்லாதீங்க, நான்தான் அம்மா சொல்லச் சொல்லக் கேக்காம சவரம் பண்ணேன், என்னாலதான் போச்சுன்னான். அதோட அக்கா மெஷின விட்டுட்டா."

அக்கா என்றால் அவருடைய அக்கா வெள்ளையம்மாள். குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் என் லேத்தின் மேல் பழி போட்டிருந்தால் அது காலத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் மறுபடி மாசமானதும் வேலையை விடச் சொல்லி வரிசையாக வந்து நின்றிருப்பார்கள். ஏன் யாரும் வரவில்லை என்று இப்போது விளங்கியது. பழியை இவர் தூக்கிக் கொண்டுபோய்த் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மாமியார் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அவர் கையில் கத்தரிக்காய் வாசனை அடித்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் முடிச்சை அவர் கையில் கொடுத்தேன். வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு அங்கேயே நின்றுவிட்டார். அத்தை எல்லாம் சொல்லிவிட்டார் என்றேன்.

"அன்னிக்குச் சும்மாதான் சொன்னேன் யாழினி. பெரியம்மா வாயை அடைக்கணும், அவ்வளவுதான். சொல்லிட்டேனா, அப்புறம் எல்லாரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. இந்தத் தடவை நீ சொன்ன அன்னிக்கு இத கைல எடுத்தேன், பயம் வந்துருச்சு. போன தடவை வலி வந்து நீ உள்ளேருந்து கூப்பிட்டப்ப இதுதான் என் கைல இருந்துச்சு."

டாக்டரம்மா சொன்னதை நம்பவில்லையா என்று கேட்டேன். நம்புகிறேன் என்றார். நம்பினாலும் கை போகவில்லையாம். அதோடு இன்னொரு கணக்கும் வைத்திருந்தார். நாளைக்கு வளைகாப்புக்கு எல்லாரும் வருவார்கள், தாடியைப் பார்ப்பார்கள், திருப்தியாகப் போவார்கள். எடுத்துவிட்டால் பெரியம்மா மறுபடி என் லேத்தைத் தேடி வருவார். பிள்ளை பிறந்த அன்றைக்கே எடுத்துவிடுகிறேன், அதுவரை விட்டுவிடு என்றார்.

"வரட்டும். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லையா? எனக்காக நீங்க பொய் சொன்னது சரி, அதுக்கு உங்களக் கும்பிடறேன். ஆனா அதை நீங்களே நம்ப ஆரம்பிச்சது தப்பு. நீங்க குத்தவாளியா நிக்கிற வீட்டுல என் புள்ள பொறக்க வேண்டாம்."

அவர் முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. இனி என்ன செய்வார் என்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. கொஞ்சம் இருந்தது.

காலையில் கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. அவர் துவைக்கிற கல்லில் குந்திக்கொண்டு, ரேசரை மூன்று துண்டாகக் கழற்றி, சோப்பு நுரையில் டூத் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கறை நிறையப் போயிருந்தது. பச்சை மட்டும் மரை இடுக்கில் கொஞ்சம் மிச்சம். என்னைப் பார்த்ததும், இப்படிக் கட்டி வைத்தவனை உதைக்க வேண்டும் என்றார். பழைய நவநீதன் பேசுகிற தினுசு அது.

"நீயே எடுத்துவிடு. எனக்குக் கை போகமாட்டேங்குது."

மாமியார் வெந்நீர் கொண்டுவந்தார். வந்தவர் போகவில்லை, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முதலில் கத்தரிக்கோலால் தாடியை ஒட்ட வெட்டினேன். கல்லில் ஒரு பூனைக்குட்டி அளவுக்கு முடி விழுந்தது. பிறகு நுரை. பிறகு புது பிளேடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அழுத்தாதே, ரேசருக்கு எடை இருக்கிறது என்று ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன், வாயை மூடுங்கள் என்றேன்.

என் கை இரும்பைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவுகிற கை. கன்னம் எந்த மூலை? பிளேடு சரசரவென்று இறங்கியது. காதோரம், தாடை, மேலுதடு. கழுத்துக்கு வந்தபோது என் வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்று எடுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஐந்து மாதமாக அதை நான் எவ்வளவு தேடியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூடிய கண்ணிலிருந்து நுரையில் தண்ணீர் இறங்கியது. மாமியார் அதைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

வளைகாப்புக்குக் கூடம் கொள்ளாத கூட்டம். உறையூரிலிருந்து அம்மா வளையலும் ஐந்து வகைச் சாதமும் கொண்டுவந்திருந்தார். நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். முதல் வளையல் போட வெள்ளையம்மாள் பெரியத்தைதான் வந்தார். குனிந்தவர், வாசல் பக்கம் பன்னீர்ச் செம்போடு நின்ற அவரைப் பார்த்து அப்படியே நிமிர்ந்தார்.

"நவநீதா, தாடி எங்கடா?"

நான் வாயைத் திறந்தேன். நேற்று ராத்திரி முழுக்கத் தயாரித்து வைத்திருந்த பதில் என்னிடம் இருந்தது, நல்ல பதில். அவர் எனக்கு முந்திக்கொண்டார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைத் தாண்டி நடுக்கூடத்துக்கு வந்தார்.

"பெரியம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் பொய் சொன்னேன். சவரத்தால போகல. லேத்தாலயும் போகல. அந்தப் புள்ள தங்கல, அவ்வளவுதான். யாரு மேலயும் தப்பு இல்ல."

அந்தப் பிள்ளையைப் பற்றி இந்தக் கூடத்தில் ஒருத்தர் சத்தமாகப் பேசுவது அதுதான் முதல் தடவை. பேசினாலே ஆகாது என்று இத்தனை நாள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். என் அம்மா அழுதார். பெரியத்தை கையில் வளையலை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மாமியார் மெதுவாக, அக்கா, நாழி ஆகுது என்றார்.

பெரியத்தை உட்கார்ந்தார். என் இரண்டு கையிலும் வளையல் போட்டார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கன்னத்தில் பூசினார். பிறகு எழுந்திருக்காமல், இங்க குனிடா என்று தங்கை மகனைக் கூப்பிட்டார். ஆண்களுக்குப் பூசுகிற வழக்கம் கிடையாது. அவர் குனிந்தார். புதிதாக மழித்த அந்த இரண்டு கன்னத்திலும் பெரியத்தை கை நிறையச் சந்தனத்தை அப்பி, உள்ளங்கையால் தடவிவிட்டார்.

"எரியுதா?"

"இல்ல பெரியம்மா."

எப்படி எரியும்? ஒரு கீறல் கிடையாது. எடுத்தது நான்.